டம்ளரை நகர்த்திவிட்டு மேசையைத் தட்டுபவர்

அவர் எதிரில் போய் யாராலும் கோபப்பட முடியாது. அதற்குள் அவர் கோபப்பட்டுவிடுவார்.

எங்கள் தொகுதியின் எம்எல்ஏவாக இருந்தவர். அடுத்த தேர்தலில் கட்சி அவரை வேறு தொகுதிக்கு மாற்றியது, அங்கேயும் ஜெயித்துவிட்டார். பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் இந்தக் கட்டுரைக்கும் அவரே முதல் ஆளாகக் கோபப்படுவார். "இவ்வளவு நடந்திருக்கு, ஒருத்தன் என் கவனத்துக்குக் கொண்டாரல பாரு" என்று ஏதாவது ஒரு மேடையில் முழங்குவார். கீழே இருப்பவர்கள் கை தட்டுவார்கள். அந்த வாய்ப்பை அவருக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

நான் அப்போது ஒரு நாளிதழுக்கு ஆம்பூர் வட்டாரத்துச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். தோல் பதனிடும் ஷெட்டுகள், ஷூ கம்பெனிகள், பாலாற்றில் நுரை, நெடுஞ்சாலை விபத்து, பிறகு இவர். இவரைப் பற்றிய செய்திக்கு அலுவலகத்தில் தலைப்பு யோசிப்பதே இல்லை. 'எம்எல்ஏ ஆவேசம்' என்பது தயாராக இருக்கும். எதைப் பற்றி என்பதை மட்டும் முன்னால் சேர்ப்பார்கள்.

முதன்முதலில் அவரை அருகில் பார்த்தது பஸ் விவகாரத்தில். நெடுஞ்சாலையில் மேம்பாலம் வந்த பிறகு பஸ்கள் பாலத்தின் மேலேயே போய்விடும். கீழே சர்வீஸ் ரோட்டில் பிளஸ் டூ படிக்கும் பெண் பிள்ளைகள் புத்தகப் பையோடு கை காட்டிக்கொண்டே நிற்பார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் இருப்பது பத்தாம் வகுப்பு வரைக்குமான பள்ளிதான். அதற்கு மேல் படிக்க டவுனுக்குப் போயாக வேண்டும். பஸ் நிற்காவிட்டால் அந்தப் பெண் மறு மாதம் ஷூ கம்பெனி வேனில் ஏறிவிடுவாள். கம்பெனி வேன் வீட்டு வாசலிலேயே நிற்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாய்மார்கள் கூட்டமாக அவர் அலுவலகத்துக்குப் போனார்கள். எல்லோரும் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். அன்று ஒரு முடிவோடு வந்திருந்தது முகத்திலேயே தெரிந்தது. முன்னால் நின்ற ஒருத்தி ஆரம்பித்தாள்.

"சார், பஸ்ஸு..."

"நிக்கல. அதானேம்மா? நிக்காது. எப்படி நிக்கும்? டிரைவருக்கு உன் பொண்ணு படிச்சா இன்னா, படிக்காட்டி இன்னா?"

எழுந்துவிட்டார். மேசையை ஓங்கித் தட்டினார். போனை எடுத்து டெப்போவில் யாரையோ பிடித்து, ஸ்பீக்கரில் போட்டார். "யோவ், உன் பொண்ணு வெயில்ல ரோட்ல நின்னிருக்காளாய்யா? நின்னாத் தெரியும் உனக்கு." மறுமுனையில் இருந்தவர் சார், சார் என்பதைத் தவிர எதுவும் சொல்லவில்லை. இவர் கழுத்து நரம்பு புடைத்தது. மேசையை இன்னொரு முறை தட்டினார். வந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் சொல்ல வைத்திருந்த எல்லாவற்றையும் அவர் சொல்லிவிட்டார். அவர்கள் சொல்லியிருக்கக்கூடியதைவிட நன்றாகவும் சொல்லிவிட்டார்.

படி இறங்கும்போது அதே பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். "பாவம்டி, நமக்காக எப்படிக் கத்தறாரு பாரு. பிபி ஏறிடப்போவுது."

பஸ் நிற்கவில்லை. ஒரு மாதம் கழித்து அவர்கள் மறுபடி போனபோது, "இன்னுமா நிக்கல?" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். அன்றும் அவர்கள் சமாதானமாகத்தான் இறங்கிப் போனார்கள்.

அவர் கோபம் பொய் என்று நான் சொல்லவில்லை. குரல் நிஜமாகவே நடுங்கும். கண்ணில் நீர் வந்ததைக்கூடப் பார்த்திருக்கிறேன். ஆனால் நிருபர் வேலையில் ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. ஒருவர் பேசும்போது முகத்தைவிடக் கையைப் பார்ப்பது. அவர் எதிரில் எப்போதும் ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் இருக்கும். மேசையைத் தட்டுவதற்கு முன் அவருடைய இடது கை அந்த டம்ளரை மெதுவாக ஓரத்துக்கு நகர்த்தும். பிறகுதான் வலது கை இறங்கும். ஒரு முறைகூட மறந்ததில்லை. ஒரு சொட்டுகூடச் சிந்தியதில்லை.

சட்டமன்றத் தொடர் முடிந்து சென்னையிலிருந்து திரும்பியதும் ஷாதி மகால் என்ற கல்யாண மண்டபத்தில் ஒரு கூட்டம் போடுவார். அங்கே என்ன பேசினார்கள், என்ன சட்டம் வந்தது, நமக்கு என்ன கிடைத்தது என்று மக்களுக்குச் சொல்வதற்கான கூட்டம். மற்ற தொகுதிகளில் இப்படி யாரும் செய்ததில்லை, அது உண்மை. அரசியலுக்கு வருமுன் வக்கீலாக இருந்தவர் என்பதால் பள்ளிக்கூடமும் கோர்ட்டும் அவருக்குப் பிடித்த விஷயங்கள். எந்தப் பள்ளியில் எத்தனை காலியிடம், உருது வாத்தியார் நியமனம் எந்த மேசையில் கிடக்கிறது, புது நீதிமன்ற வளாகத்துக்கு எந்த இடம் பார்த்திருக்கிறார்கள், எல்லாம் துண்டுச்சீட்டு இல்லாமல் சொல்வார். குற்றவியல் சட்டங்களின் பெயரையே டெல்லியில் மாற்றியபோது, எந்தப் பிரிவு எந்த எண்ணாக மாறியது என்று தறி ஓட்டுகிறவர்களுக்கும் தோல் தேய்க்கிறவர்களுக்கும் ஒரு சாயங்காலம் முழுக்க விளக்கினார். அதையும் கோபத்தோடுதான்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. மகாலில் ஒரே ஒரு மைக். அது அவர் கையைவிட்டுப் போகாது. யாராவது கேள்வி கேட்க எழுந்தால் நின்ற இடத்திலிருந்தே கேட்க வேண்டும். இவர் அதை வாங்கி மைக்கில் திருப்பிச் சொல்வார். "பின்னால இருக்கவங்களுக்குக் கேக்கணும்ல" என்பார். கேட்பதற்கு மரியாதையாகத்தான் இருக்கும். ஆனால் எழுந்தவர் பாதி வாக்கியம் சொல்வதற்குள் இவர் மீதியைச் சொல்ல ஆரம்பித்திருப்பார். "அண்ணன் இன்னா கேக்கறாருன்னா..." என்று தொடங்குவார். முடிக்கும்போது அது அண்ணனின் கேள்வியாக இருக்காது. அவருடைய ஆவேசமாக இருக்கும். அண்ணன் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருப்பார்.

மகாலை ஒட்டி டீக்கடை வைத்திருந்த இக்பால் பாய்தான் இதை முதலில் கண்டுபிடித்தவர். கூட்டம் முடிந்து டீ குடிக்கப் போனால் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார்.

"இன்னா தோஸ்த், இன்னைக்கும் ஆவேசமா?"

"ஆமா பாய்."

"எம்எல்ஏ சாப்புக்குக் கோபம் ஜாஸ்தி, காரியம் கம்மி. நம்ம வூட்டு அடுப்புல பால் பொங்க வருதுன்னு வெச்சுக்க. அவரு ஓடியாந்து அடுப்பையே அணைச்சுட்டுப் போய்டறாரு. பால் காயவே மாட்டேங்குது."

"அவர்கிட்டயே சொல்றதுதானே பாய்?"

"சொன்னேனே. 'இக்பால் பாய் சொல்றது நூத்துக்கு நூறு கரெக்ட்'னு மைக்ல சொல்லி, என்னைவிட ஜாஸ்தியா அவரே அவரைத் திட்டிக்கிட்டாரு. நான் இன்னா பண்றது?"

என் அப்பாவை வேலூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது, யாரும் சொல்லாமலே வந்தார். ஸ்ட்ரெச்சருக்காக நாங்கள் காத்திருந்தோம். எங்களுக்கு முன்னால் வேறு நோயாளிகளும் இருந்தார்கள். வந்ததும் அங்கிருந்த வார்டு பையனிடம் சத்தம் போட்டார். எனக்கு அது இதமாக இருந்தது. பல மணி நேரமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்ததை யாரோ வாங்கிக்கொண்டதுபோல இருந்தது. எங்கள் முறை வந்தபோது ஸ்ட்ரெச்சர் வந்தது. அவரை வழியனுப்பக் கார் வரைக்கும் போனேன். பின் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து வேர்க்கடலையை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டார். மூச்சு சீராக இருந்தது.

"ரொம்பக் கத்திட்டனா?" என்றார்.

வருத்தப்படுகிறவர் குரல் அல்ல. கச்சேரி முடித்தவர் மேடையிலிருந்து இறங்கி, எப்படி இருந்தது என்று கேட்கும் குரல்.

இனி கேட் விஷயம்.

நான் சொன்ன அந்தப் பத்தாம் வகுப்புப் பள்ளிக்கு அவர் தொகுதி நிதியிலிருந்து இரும்பு கேட் போட்டார். இரட்டைக் கதவு. மேலே வளைவாக அவர் பெயர். கட்டியது அவருக்கு வேண்டிய ஒரு கான்ட்ராக்டர். கொஞ்ச நாளிலேயே இடது கதவின் மேல் கீலில் வெல்டிங் விட்டுவிட்டது. தலைமையாசிரியை ஸ்டெல்லா டீச்சர், ஷெட்டில் தோல் கட்டும் நைலான் கயிறு ஒன்றை வாங்கிவந்து அந்தக் கதவைத் தூணோடு இறுக்கிக் கட்டிவைத்தார். பிள்ளைகள் வலது கதவு வழியாகவே வந்து போனார்கள். கட்டிப்போட்ட கதவோடு ஒரு பள்ளியை எத்தனை நாள் நடத்துவது என்று, அடுத்த ஷாதி மகால் கூட்டத்தில் டீச்சர் எழுந்தார். நான் முன்வரிசையில் இருந்தேன்.

"சார், எங்க ஸ்கூல்ல..."

"டீச்சர் இன்னா சொல்ல வர்றாங்கன்னா," என்று மைக் ஆரம்பித்துவிட்டது, "கணக்குக்கு வாத்தியார் இல்ல. சயின்ஸுக்கு வாத்தியார் இல்ல. ஒரே டீச்சர் நாலு பாடம் எடுக்கறாங்க."

"அது இல்லைங்க சார்..."

"தெரியும்மா. நீங்க சொல்லக் கூச்சப்படுவீங்க. நான் சொல்றேன், உக்காருங்க." டம்ளர் நகர்ந்தது. மேசை அதிர்ந்தது. "நம்ம பிள்ளைங்க இன்னா பாவம் பண்ணாங்க? சென்னைப் பிள்ளைங்களுக்கு ஒரு நியாயம், தோல் ஷெட்டுக்காரன் பிள்ளைக்கு ஒரு நியாயமா?"

கைதட்டலில் மகால் குலுங்கியது. டீச்சர் நின்றுகொண்டே இருந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் அவர் புடவையை இழுத்து உட்காரவைத்தார்கள். "அதான் சாரே சொல்லிட்டாரே டீச்சர்."

சில வாரங்களில், அதே பள்ளியில் ஒரு புது வகுப்பறையைத் திறந்துவைக்க அவர் வந்தார். முன்னால் வந்த ஆட்கள் இரண்டு கதவையும் திறக்கச் சொன்னார்கள். கார் உள்ளே வர வேண்டும். "அந்தக் கயித்தை அவுக்காதீங்க" என்று டீச்சர் சொன்னதற்கு, "சார் வண்டி சந்துல நுழையுமா டீச்சர்?" என்று சிரித்துக்கொண்டே கத்தியால் அறுத்தார்கள். விழா முடிந்து கார் வெளியேறியது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் தர்ஷினி என்ற பெண், திறந்து கிடந்த இடது கதவைச் சாத்தலாம் என்று தள்ளினாள். பள்ளி வாசலைச் சாத்துவது அந்த வாரம் அவள் வகுப்பின் முறை. கதவு அவள் மேல் சாய்ந்தது. வலது பாதம் அடியில் மாட்டிக்கொண்டது.

அலறல் கேட்டு, ரோட்டுக்குப் போய்விட்ட காரைத் திருப்பி முதல் ஆளாக ஓடிவந்தது அவர்தான். இதையும் எழுதியாக வேண்டும். மற்றவர்களோடு சேர்ந்து இரும்பைத் தூக்கினார். குழந்தையை இரண்டு கையிலும் ஏந்தித் தன் காரிலேயே வேலூருக்குக் கொண்டுபோனார். வெள்ளைச் சட்டை முழுக்க ரத்தம். அந்தக் கார் இல்லாவிட்டால் பாதமே போயிருக்கும் என்று பிறகு டாக்டர் சொன்னார். பாதம் பிழைத்தது. ஆனால் கணுக்கால் மடங்கவில்லை.

தர்ஷினியின் அம்மா கவிதா ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கிறவள். கம்பெனியிலிருந்து நேராக மருத்துவமனைக்கு ஓடிவந்தாள். கையில் கத்தரிக்கோல்கூட இருந்தது, கீழே வைக்க மறந்திருந்தாள். அறுவைச் சிகிச்சை அறையின் வாசலில் சுவரைப் பார்த்து நின்றாள். அழவில்லை. அவளுக்குள் எது வந்துகொண்டிருந்ததோ, அது வெளியே வருவதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"யாரும்மா பொறுப்பு? பள்ளிக்கூடத்துக்கு யாரு பொறுப்பு? தலைமையாசிரியர்தானே? கதவு ஆடுதுன்னு அவங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சு ஏன் என்கிட்ட சொல்லல?"

அங்கே மேசை இல்லை. சுவரைத் தட்டினார். கல்வித் துறைக்குப் போன் போனது. ஸ்டெல்லா டீச்சர் அன்று மாலையே சஸ்பெண்ட். கூடவே இருந்த ஒரு போலீஸ்காரர் புகாரை எழுதினார். கவிதா கையெழுத்துப் போட்டாள். அதில் என்ன இருந்தது என்று படிக்கும் நிலையில் அவள் இல்லை. படித்துக் காட்டவும் யாரும் இல்லை. அவள் பெயரில், டீச்சர் மேல் வழக்கு.

டீச்சர் மேல் தப்பில்லை என்று அவளுக்குத் தெரிந்தது குழந்தை வீட்டுக்கு வந்த பிறகு. சொன்னவள் தர்ஷினியே.

"பெரிய டீச்சர் அந்தக் கதவைத் தொடக் கூடாதுன்னு டெய்லி பிரேயர்ல சொல்வாங்கம்மா. அன்னைக்குக் கயிறு இல்லாததால சரி பண்ணிட்டாங்கன்னு நெனைச்சேன்."

கவிதா மறுநாள் கம்பெனிக்குப் போகவில்லை. ஸ்டேஷனுக்குப் போனாள். புகாரைத் திருத்த வேண்டும், டீச்சர் பெயரை எடுக்க வேண்டும், கேட் போட்டவன் பெயரைச் சேர்க்க வேண்டும் என்றாள். அங்கிருந்தவர் பொறுமையாகத்தான் சொன்னார். "புகார் உன் பேர்லதான்மா இருக்குது. ஆனா இது சார் நின்னு போடவெச்ச கேஸு. சாரைப் போய்ப் பாரு."

சாரைப் போய்ப் பார்த்தாள். அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் எழுந்துவிட்டார். "விடமாட்டேன்மா அந்த டீச்சரை. உன் பொண்ணுக்கு நியாயம் கிடைக்காம இந்த எம்எல்ஏ தூங்க மாட்டான்." அவள் வாயைத் திறந்தாள். அவர் இன்னும் சத்தமாக விடமாட்டேன் என்றார். உதவியாளர் அவளுக்குக் காபி கொடுத்து வழியனுப்பிவைத்தார்.

அன்று அவள் இக்பால் பாய் கடை வாசலில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். பாய் கொடுத்த டீ கையில் ஆறிக்கொண்டிருந்தது.

"டீச்சருக்குப் பென்ஷன் வர்ற வயசு பாய். என் பேரைப் போட்டு அவங்களை ஜெயிலுக்கு அனுப்பப் பாக்கறாங்க. அவருகிட்ட சொல்லப் போனா என்னைவிட அவருக்குத்தான் ஆத்திரம் வருது. இதுக்கு நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?"

பாய் யோசித்துவிட்டுச் சொன்னார். "நீ என் மக மாதிரி பேட்டி, கோபமாப் போவாத. கோபமாப் போனா வாங்கி வெச்சுப்பாரு. சும்மா ஒரு கேள்வி கேளு. அவருக்குப் பதில் தெரியாததா கேளு."

அடுத்த ஷாதி மகால் கூட்டம் நிறைந்திருந்தது. அன்று அவர் மாதிரிப் பள்ளிகளைப் பற்றியும் புது நீதிமன்ற வளாகத்தைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருந்தார். "இனிமே வழக்குக்காக வேலூருக்கு அலைய வேணாம். நீதி உங்க வாசல்ல வந்து நிக்கும்." கடைசி வரிசையில், மற்றவர்களிடமிருந்து கொஞ்சம் தள்ளி, ஸ்டெல்லா டீச்சர் உட்கார்ந்திருந்தார். அவரை அழைத்து வந்ததே கவிதாதான். அது யாருக்கும் தெரியாது.

கவிதா எழுந்தாள். கூடவே தர்ஷினியும் ஒரு கைத்தடியை ஊன்றி எழுந்து நின்றாள். அவர் குரல் உடனே தழுதழுத்தது.

"இதோ நிக்குது பாருங்க நம்ம குழந்தை. இந்தத் தாய் இன்னா கேக்கறாங்கன்னா..."

"நான் இன்னும் கேக்கல சார்" என்றாள் கவிதா.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் முன்வரிசைக்குக் கேட்டது. அவர் மைக்கைத் தாழ்த்தினார்.

"போன தடவ இதே மகால்ல பெரிய டீச்சர் எழுந்தாங்க. நீங்க அவங்களுக்காகப் பேசினீங்க. நானும் கை தட்னேன். டீச்சர் இன்னா சொல்லத்தான் சார் எழுந்தாங்க?"

"வாத்தியார் பற்றாக்குறைம்மா. நான்தான் அப்பவே..."

"இல்ல சார்."

"கட்டடம் கேட்டாங்க."

"இல்ல சார்."

"கழிவறை. பெண் பிள்ளைங்களுக்குக் கழிவறை இல்லாததை..."

"அதுவும் இல்ல சார்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். "குடிதண்ணியா இருக்கும் சார், அதையும் சொல்லிப் பாருங்க" என்று ஓர் இளைஞன் குரல் கொடுத்தான். இன்னும் சிலர் சிரித்தார்கள். அந்த மகாலில் அவர் பேசும்போது சிரிப்பு எழுந்து நான் கேட்டதே இல்லை. அவர் மைக்கை வாயருகே கொண்டுபோனார், எடுத்தார், மறுபடி கொண்டுபோனார். பிறகு நான் அதுவரை பார்த்திராத ஒன்று நடந்தது. இடது கை அசையவில்லை. வலது கை மட்டும் இறங்கியது. டம்ளர் எகிறி, தண்ணீர் அவர் வேட்டியிலும் மேடையிலும் சிதறியது.

"இன்னாம்மா நீ? உன் பொண்ணை என் கையால தூக்கிட்டுப் போனவன் நான். நான் இல்லன்னா கால் இருக்காது. என்னையே நிக்கவெச்சுக் கேள்வி கேக்கறியா?"

அதுதான் அவருடைய சொந்தக் கோபம். இத்தனை வருடங்களில் நாங்கள் முதன்முறையாக அதைக் கேட்டோம். யாருக்காகவும் இல்லாத, அவருக்காக மட்டுமே வந்த கோபம். அதில் நடுக்கம் இல்லை, கண்ணீர் இல்லை. கேட்க அசிங்கமாக இருந்தது.

"தூக்கிட்டுப் போனதுக்குச் சாவற வரைக்கும் நன்றி சொல்வேன் சார்" என்றாள் கவிதா. "ஆனா அன்னைக்கு ஆஸ்பத்திரில எனக்கு வந்த கோபம் என்னுது. அதை நீங்க எடுத்தும்போய் டீச்சர் மேல போட்டுட்டீங்க. டீச்சர் இன்னா சொல்ல எழுந்தாங்கன்னு இப்ப அவங்களே சொல்லட்டும். யாரும் குறுக்க பேசாம கேளுங்க."

ஸ்டெல்லா டீச்சருக்கு மைக் தேவைப்படவில்லை. வருடக்கணக்காகக் காலை வழிபாட்டில் மைதானம் முழுக்கக் கேட்கும்படி பேசிப் பழகிய குரல்.

"கேட்ல இடது கதவு, மேல் கீல் வெல்டிங் விட்டுப்போச்சு. பிள்ளைங்க மேல விழும். உடனே மாத்தணும். இதைத்தான் சொல்ல எழுந்தேன்."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். மூச்சு விடும் நேரத்தில் சொல்லி முடித்திருக்கக்கூடியது. எம்எல்ஏ ஈர வேட்டியோடு நின்றார். பிறகு, என்ன செய்ய, பழக்கம். உதவியாளர் பக்கம் திரும்பினார். குரல் பழையபடி நடுங்கியது. "பாத்தியாய்யா? இதை ஒருத்தராவது என்கிட்ட சொல்லியிருந்தா..."

"சாப்," என்று வாசலில் டீத் தட்டோடு நின்ற இக்பால் பாய் சொன்னார், "சொல்லத்தான் எழுந்தாங்க."

கை தட்ட யாரோ இரண்டு பேர் ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள்.

நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினேன். மறுநாள் 'பள்ளி கேட் விபத்து: எம்எல்ஏ ஆவேசம்' என்று வந்தது. கவிதாவின் கேள்வியைக் கடைசிப் பத்தியில் எழுதியிருந்தேன். இடம் போதாமல் வெட்டிவிட்டார்கள். டீச்சரின் சஸ்பென்ஷன் சில மாதங்கள் கழித்து விலகியது, ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒரு பள்ளிக்கு மாற்றலோடு. கான்ட்ராக்டர் பெயர் வழக்கில் சேரவில்லை. பள்ளிக்குப் புதுக் கேட் வந்தது. அதே வளைவு, அதே பெயர், எழுத்து மட்டும் முன்பைவிடப் பெரிது. வழக்கை வாபஸ் வாங்குவது அவ்வளவு எளிதல்ல என்று வக்கீல் சொல்லிவிட்டார். போட்டாயிற்று, இனி ஓடும். சாட்சிக் கூண்டில் ஏறும் நாள் வரும், அன்று உள்ளதைச் சொல்லுங்கள் என்றார். கவிதா அந்த நாளுக்காக வாய்தா வாய்தாவாகப் போனாள். மலையடிவாரத்திலிருந்து டீச்சரும் வருவார்.

புது நீதிமன்ற வளாகம் திறந்த கொஞ்ச நாளில், அது எப்படி நடக்கிறது என்று பார்வையிட எம்எல்ஏ வந்தார். நாங்கள் நிருபர்கள் பின்னால் போனோம். மாடி வராந்தாவில் ஒரு பெஞ்சில் கவிதாவும் ஸ்டெல்லா டீச்சரும் உட்கார்ந்து ஒரே டப்பாவிலிருந்து புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். புகார் கொடுத்தவளும் குற்றம் சாட்டப்பட்டவரும். டீச்சர் அவித்த முட்டையை உரித்துப் பாதியைக் கவிதாவின் பக்கம் வைத்தார்.

அவர் நின்றுவிட்டார். கேமராக்கள் இருந்தன.

"இன்னுமா முடியல இந்தக் கேஸு?" குரல் ஏறியது. "ஒரு ஏழைத் தாயை இத்தனை தடவ அலையவிடறதா நீதி?"

டீச்சர் பழக்கத்தில் எழப் போனார். கவிதா அவர் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தாள். வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னைக்கு என் சாட்சி சார். சாப்ட்டதும் கூப்புடுவாங்க."

"நான் வர்றேன்மா. நானே ஜட்ஜ் ஐயாகிட்ட எடுத்துச் சொல்றேன், இந்தத் தாய் இன்னா பாடுபடறாங்கன்னு..."

"அங்க நீங்க பேசக் கூடாதாம் சார்" என்றாள் கவிதா. "நான்தான் பேசணுமாம்."

டவாலி வாசலில் வந்து அவள் பெயரைக் கூப்பிட்டார். இருவரும் கையைக் கழுவிக்கொண்டு சேர்ந்தே உள்ளே போனார்கள். அவர் வராந்தாவில் நின்றார். வக்கீலாக இருந்தவர். அவள் சொன்னது சரி என்று அவருக்குத் தெரியும்.